செல்லின் நெருக்கடி நிலையும் வைரஸ் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் உயிரியல் ஆய்வகம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். 'வைரஸ் வந்தால் உடம்பு என்ன செய்யும்?' என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். வெள்ளை அணு, ஆன்டிபாடி என்று ஆரம்பித்தால், 'அதெல்லாம் தெரியும், வைரஸ் புகுந்த அந்த ஒரு செல் என்ன செய்யும்?' என்று அடுத்த கேள்வி வரும். அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. அவசரமென்றால் நேராக ஆறாவது கேள்விக்குப் போங்கள், விஷயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது.

1. 'ஸ்ட்ரெஸ்' என்றால் மன அழுத்தம்தானே?

இங்கே இல்லை. செல்லுக்கு மனம் கிடையாது. பள்ளி இயற்பியலில் இதே சொல்லுக்குத் 'தகைவு' என்று படித்திருப்போம், அதுவும் இங்கே சரியாக உட்காரவில்லை. அதனால் 'நெருக்கடி' என்றே எழுதுகிறேன். வெப்பம் ஏறுவது, சத்து தீர்ந்துபோவது, புரதங்கள் மடிப்புக் கெட்டுக் குவிவது, வைரஸ் நுழைவது எல்லாமே ஒரு செல்லுக்கு நெருக்கடிதான்.

மன அழுத்தத்துக்கும் வைரஸ் நோய்க்கும் தொடர்பு உண்டு, அதை மறுக்கவில்லை. 1991-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில் 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் சளி பிடித்தது 27 சதவீதம் பேருக்கு, மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. ஆனால் அது மூளை, நரம்பு, ஹார்மோன் என்று வேறு பாதையில் போகிற கதை. இந்தப் பக்கம் ஒரு தனி செல்லுக்குள் நடப்பதைப் பற்றியது.

2. செல்லுக்குள் நெருக்கடியைக் கவனிப்பது யார்?

முக்கியமாக நான்கு நொதிகள். நான்கும் பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டும் வேலையைச் செய்பவை. ஜி.சி.என்.2 அமினோ அமிலப் பஞ்சத்தைக் கவனிக்கும். பெர்க், எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற, புரதங்களை மடிக்கும் அறையின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே மடிப்புக் கெட்ட புரதம் குவிகிறதா என்று பார்க்கும். எச்.ஆர்.ஐ. முதலில் தெரியவந்தது சிவப்பணு முன்னோடிச் செல்களில், ஹீம் (ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதி) குறைந்தால் எழுவது அதுதான். நான்காவது பி.கே.ஆர். அது வைரஸின் தடயத்தைப் பிடிக்கும்.

இந்த நான்கும் வெவ்வேறு ஆபத்தைப் பார்த்தாலும் ஒரே பொத்தானைத்தான் அழுத்துகின்றன. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, சோம்பேறித்தனத்தால் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாற்ற வேண்டிய செல் வளர்ப்புத் திரவத்தை மாற்றாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. அமிலமாகிவிட்டது, சத்தும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பரவாயில்லை என்று அதே தட்டுகளில் சோதனையை ஓட்டினேன். வெஸ்டர்ன் பிளாட் (தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) படம் எடுத்தபோது, வைரஸ் ஆர்.என்.ஏ. கொடுத்த செல்களில் பொத்தான் அழுத்தப்பட்டதைக் காட்டும் கறுப்புப் பட்டை வந்தது, சரி. எதுவுமே கொடுக்காத செல்களிலும் அதே அளவு கறுப்பாக ஒரு பட்டை! வைரஸுக்கு பி.கே.ஆர். எழுந்திருக்கிறது, பட்டினிக்கு ஜி.சி.என்.2 எழுந்திருக்கிறது, படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒரு வாரம் வீண்.

3. அந்த ஒரே பொத்தான் எது? அழுத்தினால் என்ன ஆகும்?

அதன் பெயர் இ.ஐ.எஃப்.2. எந்தப் புரதத்தைச் செய்யத் தொடங்கினாலும் முதல் அமினோ அமிலமான மெத்தியோனைனை, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்குத் தூக்கிக்கொண்டு வருவது இதுதான். ஒரு நடை முடிந்ததும் இதன் சக்தி தீர்ந்துவிடும். இ.ஐ.எஃப்.2பி என்ற இன்னொரு புரதத்திடம் போய் மறுபடி நிரப்பிக்கொண்டுதான் அடுத்த நடை.

நெருக்கடி வந்தால் மேலே சொன்ன நான்கில் ஒன்று, இ.ஐ.எஃப்.2-இன் ஆல்பா துண்டில் 51-ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்படி ஒட்டப்பட்டது நிரப்பிக்கொள்ளவும் முடியாமல், இடத்தை விட்டு நகரவும் செய்யாமல் இ.ஐ.எஃப்.2பி-யைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊரில் நூறு ஆட்டோ ஓடுகிறது, பெட்ரோல் பங்க் ஒன்றிரண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஆட்டோ பங்கை மறித்து நின்றாலே மற்றதெல்லாம் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிடும். செல்லிலும் இ.ஐ.எஃப்.2பி-யின் அளவு குறைவுதான். அதனால் இ.ஐ.எஃப்.2-இல் ஒரு பகுதிக்கு பாஸ்பேட் ஏறினாலே போதும், புரத உற்பத்தி மொத்தமாகச் சரிந்துவிடும்.

மொத்தமாக என்றால் எல்லாமும் அல்ல. மரபணுவிலிருந்து ரைபோசோமுக்குச் செய்தி கொண்டுவருவது எம்.ஆர்.என்.ஏ. சில எம்.ஆர்.என்.ஏ.க்களின் முன்பகுதியில் பொய்யான தொடக்கங்கள் இருக்கும். சாதாரண நாளில் ரைபோசோம் அதில் சிக்கி, உண்மையான செய்தியை வாசிக்காமலே இறங்கிவிடும். நெருக்கடியில் மெத்தியோனைன் தாமதமாக வருவதால், ரைபோசோம் அந்தப் பொய்யான இடத்தைத் தாண்டி வந்து உண்மையான இடத்தில் தொடங்குகிறது. ஊர் முழுக்க அடங்கியிருக்கும்போது இவை மட்டும் அதிகமாகத் தயாராகும். அதில் தலையானது ஏ.டி.எஃப்.4. அது செல்லின் உட்கருவுக்குள் போய், நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்களை இயக்கும். இந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. வைரஸ் வந்தது பி.கே.ஆருக்கு எப்படித் தெரிகிறது?

இரட்டை இழை ஆர்.என்.ஏ. மூலமாக. நம் செல்லில் எம்.ஆர்.என்.ஏ. ஒற்றை இழையாகத்தான் நடமாடும். வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது நீளமான இரட்டை இழைகள் உருவாகின்றன. சுமார் 30 எழுத்து இணைகளுக்கு மேல் நீளமிருந்தால் பி.கே.ஆர். அதைப் பற்றிக்கொள்ளும். ஒரே இழையில் இரண்டு பி.கே.ஆர். அருகருகே வந்து ஜோடி சேர்ந்தால்தான் விழிப்பு. ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு, அப்புறம் இ.ஐ.எஃப்.2 மேல் பாயும்.

இதன் வரலாறு எனக்குப் பிடித்த வரலாறு. 1971-இல் எல்லி எரன்ஃபெல்டும் டிம் ஹண்டும் முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்த சாற்றில் போலியோ வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் துளியூண்டு சேர்த்தார்கள். புரத உற்பத்தி நின்றுபோனது. (டிம் ஹண்ட் 2001-இல் நோபல் வாங்கியது வேறு வேலைக்கு, செல் பிரிதலில்.) அந்தச் சாற்றில் பின்னால் தெரிந்த விசித்திரம் என்னவென்றால், இரட்டை இழையை அளவுக்கு மீறிக் கொட்டினால் உற்பத்தி நிற்பதில்லை. இழைகள் ஏராளமானால் ஆளுக்கொரு இழையில் பி.கே.ஆர். தனித்தனியாக உட்கார்ந்துவிடும், ஜோடி சேராது.

இன்டர்ஃபெரானுக்கு இதில் என்ன பங்கு? லண்டனில் 1957-இல் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் கோழி முட்டைக் கருச்சவ்வுத் துண்டுகளோடு, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைச் சேர்த்து வைத்தார்கள். அந்தத் திரவத்தைப் புதுச் சவ்வுத் துண்டுகளில் ஊற்றியபோது, அவை உயிருள்ள வைரஸை எதிர்த்து நின்றன. திரவத்தில் இருந்த அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். பாதிக்கப்பட்ட செல் அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் எச்சரிக்கை அது. எச்சரிக்கை கிடைத்த செல் பி.கே.ஆரை நிறையச் செய்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த பி.கே.ஆர். தூங்கிக்கொண்டுதான் இருக்கும், வைரஸ் உண்மையிலேயே வந்தால்தான் எழும். ஆளை முன்கூட்டியே நிறுத்திவைக்கிறது, ஊரை முன்கூட்டியே அடைப்பதில்லை.

5. நம் சொந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஏமாந்துவிடாதா?

ஏமாற எல்லா வாய்ப்பும் இருக்கிறது. மனித மரபணுத் தொகுப்பில் ஆலு என்ற ஒரே மாதிரியான துண்டு பத்து லட்சம் தடவைக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. ஒரே ஆர்.என்.ஏ.வில் எதிரெதிர் திசையில் இரண்டு ஆலு வந்தால் ஒன்றோடொன்று மடிந்து இரட்டை இழையாகிவிடும். பார்ப்பதற்கு வைரஸ் போலவே இருக்கும்.

இதைத் தடுக்க அடார்1 என்ற நொதி இருக்கிறது. அது நம் இரட்டை இழைகளில் அங்கங்கே அடினோசின் என்ற எழுத்தை இனோசினாக மாற்றி ஜோடியைக் கலைத்துவிடும். அடார்1 இல்லாத மனித செல்களுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால், வைரஸே இல்லாமல் பி.கே.ஆர். விழித்துப் புரத உற்பத்தியை அடைத்துவிடுகிறது. அடார்1 மரபணு பழுதான குழந்தைகளுக்கு ஐக்கார்டி-கூட்டியே என்ற மூளை நோய் வரக்கூடும். தொற்று எதுவும் இல்லாமலே இன்டர்ஃபெரான் பெருகி மூளையைக் கெடுக்கும் நோய் அது. 'எதிர்ப்பு சக்தியை அதிகப்படுத்துங்கள்' என்று விற்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

6. எல்லாப் புரத உற்பத்தியும் நின்றுவிட்டால், இன்டர்ஃபெரானை மட்டும் எப்படிச் செய்யும்? அதுவும் புரதம்தானே?

எனக்கும் ரொம்ப நாள் இருந்த குழப்பம் இது.

முரணைச் சரியாகப் பாருங்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை பி.கே.ஆர். மட்டும் பார்ப்பதில்லை. ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 என்ற வேறு இரண்டு காவலர்களும் பார்க்கிறார்கள். அவர்கள் உட்கருவுக்குச் செய்தி அனுப்பி இன்டர்ஃபெரான் மரபணுவை இயக்குகிறார்கள். ஒரே ஆதாரத்தைப் பார்த்து ஒருவர் 'உடனே இன்டர்ஃபெரான் செய்' என்கிறார், இன்னொருவர் 'எதையுமே செய்யாதே' என்கிறார். எம்.ஆர்.என்.ஏ. எழுதியாகிவிட்டது, வாசிக்க ரைபோசோம் தயாரில்லை.

முடிச்சை அவிழ்ப்பது காட்34 என்ற புரதம். கதிர்வீச்சு, டி.என்.ஏ. சேதம் ஆகியவற்றால் தூண்டப்படும் மரபணுக்களைத் தேடியபோது கிடைத்ததால் அதன் பெயரில் அந்த வாசனை இருக்கிறது. நோய் எதிர்ப்போடு சம்பந்தம் இருக்கும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இது தானாக எதையும் வெட்டுவதில்லை. பி.பி.1 என்ற, பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கும் நொதியை இழுத்துக்கொண்டு வந்து இ.ஐ.எஃப்.2 பக்கத்தில் நிறுத்தும். பாஸ்பேட் போய்விடும், பங்க் திறந்துவிடும், ஆட்டோக்கள் ஓடும்.

காட்34-ஐ உருவாக்கச் சொல்வது யார் தெரியுமா? பி.கே.ஆரேதான். பி.கே.ஆர். உற்பத்தியை அடைக்கிறது, அடைத்ததால் ஏ.டி.எஃப்.4 கூடுகிறது, அது காட்34 மரபணுவை இயக்குகிறது. காட்34-இன் எம்.ஆர்.என்.ஏ.வும் மூன்றாம் கேள்வியில் சொன்ன ரகம், அடைப்பின் நடுவிலேயே புரதமாகக்கூடியது. ஊரடங்கு போட்ட அதிகாரியே, போட்ட கையோடு தளர்வு உத்தரவையும் அச்சடிக்க அனுப்பிவிடுவது மாதிரி.

இதை 2012-இல் பிரான்ஸின் மார்செய்யைச் சேர்ந்த ஃபிலிப் பியர் குழு காட்டியது. எலிக் கருவிலிருந்து எடுத்த நார்ச்செல்களுக்குச் செயற்கையான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தார்கள். சாதாரண செல்கள் இன்டர்ஃபெரானையும், இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு எச்சரிக்கைப் புரதத்தையும் வெளியே விட்டன. காட்34 இல்லாத செல்களால் இரண்டையும் தர முடியவில்லை. அடுத்து சிக்குன்குனியா வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். காட்34 இல்லாத செல்களும் சரி, காட்34 இல்லாமல் பிறந்த எலிக் குட்டிகளும் சரி, அந்த வைரஸ் முன்னால் நிற்கவே முடியவில்லை.

சிக்குன்குனியா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு முழங்கால்தான் ஞாபகம் வரும். 2006-இல் இந்தியாவில் அரசுக் கணக்குப்படி மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பெரியவர்களை வலியோடு விட்டுவிடுகிற இந்த வைரஸ், பச்சைக் குழந்தைகளிடம் வேறு முகத்தைக் காட்டும். 2005-06-இல் ரியூனியன் தீவில் (கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சாவளியினர் இன்றும் வாழும் தீவு) பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வைரஸ் தொற்றிய குழந்தைகள் சிலருக்கு மூளை வரை பாதிப்பு போனது. எலிகளிலும் குட்டிகளைத்தான் இது கடுமையாகத் தாக்கும். பிறந்த புதிதில் உடம்புக்கு இருக்கிற முக்கியக் கவசம் இன்டர்ஃபெரான். அதைச் சரியான நேரத்துக்குத் தயாரித்துக் கொடுப்பதில் காட்34-க்குப் பங்கு இருக்கிறது என்பதை அந்தக் குட்டிகள் காட்டின.

ஆக, அடைப்பதை மட்டும் எதிர்ப்பு என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. அடைக்காவிட்டால் வைரஸ் நம் ரைபோசோமில் தன் புரதத்தை அடித்துக்கொள்ளும். திறக்காவிட்டால் அண்டை வீட்டுக்கு எச்சரிக்கை போகாது.

7. திறப்பதால் லாபம் என்றால், வைரஸும் அதையே செய்யாதா?

செய்கிறது, நம்மிடமிருந்தே பார்த்துச் செய்தது போல. வாய் ஓரத்தில் கொப்புளம் போடும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ஐ.சி.பி.34.5 என்றொரு புரதத்தை வைத்திருக்கிறது. அதன் வால்பகுதி நம் காட்34-இன் வால்பகுதியை ஒத்தது. அதுவும் அதே பி.பி.1-ஐ இழுத்துவந்து அதே பாஸ்பேட்டைப் பிய்க்கும். நாம் திறப்பது கொஞ்ச நேரம், நமக்காக. வைரஸ் திறந்தே வைத்திருக்கும், தனக்காக.

இதிலிருந்து ஒரு மருந்தே வந்தது. ஐ.சி.பி.34.5-ஐ நீக்கிய ஹெர்பீஸ் வைரஸ், நெருக்கடிக் கட்டுப்பாடு ஒழுங்காக இருக்கும் நல்ல செல்லில் வளராது. புற்றுநோய் செல்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு ஏற்கனவே தளர்ந்திருக்கும், அங்கே வளர்ந்து செல்லை உடைக்கும். இந்த வைரஸோடு, நோய் எதிர்ப்பு செல்களை வரவழைக்கும் ஒரு மரபணுவையும் சேர்த்து உருவாக்கிய டி-வெக் என்ற மருந்துக்கு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டிக்குள் நேரடியாக ஊசி போடுவார்கள்.

8. மற்ற வைரஸ்கள் என்ன தந்திரம் செய்கின்றன?

பட்டியல் நீளம். இன்ஃப்ளூயன்சாவின் என்.எஸ்.1 புரதம் பி.கே.ஆரை மடக்கும். அடினோவைரஸ் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை ஏராளமாகச் செய்து, பி.கே.ஆர். ஜோடி சேராதபடி அடைத்துக்கொள்ளும். ரிஃப்ட் வேலி காய்ச்சல் வைரஸ் பி.கே.ஆரைச் சிதைக்கவே ஏற்பாடு செய்யும்.

எனக்குப் பிடித்தது வாக்சினியா, பெரியம்மை தடுப்பூசியில் இருந்த வைரஸ். அதனிடம் இரண்டு ஆயுதம். இ3எல் இரட்டை இழையை மூடி மறைக்கும். கே3எல் 88 அமினோ அமிலமே உள்ள சின்னப் புரதம், இ.ஐ.எஃப்.2-ஆல்பாவைப் போலவே வேஷம் போட்டு பி.கே.ஆரின் கையைப் பிடித்துக்கொள்ளும். 2012-இல் வெளியான ஒரு சோதனையில், இ3எல்-ஐப் பிடுங்கிவிட்டு இந்த வைரஸை மனித செல்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். முதலில் திணறியது. சில தலைமுறைக்குள் கே3எல் மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டுவிட்டது. மரபணுத் தொகுப்பின் நீளமே 7 முதல் 10 சதவீதம் கூடியது. பிரதிகள் நிறைய இருந்ததால் அதில் ஒன்றில் உதவியான ஒரு மாற்றம் தற்செயலாக அமைந்தது. அது அமைந்தபின் கூடுதல் பிரதிகள் குறையவும் தொடங்கின. ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல விரிந்து சுருங்குகிறது.

நம் பக்கமும் சும்மா இல்லை. குரங்கினங்களின் பி.கே.ஆர். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வேஷக்காரனைத் தொடும் இடங்களில் எழுத்துகள் வேகமாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. உண்மையான இ.ஐ.எஃப்.2-ஐ விடாமல் பிடிக்க வேண்டும், போலியைப் பிடிக்கக் கூடாது. எவ்வளவு இக்கட்டான வேலை!

9. 'ஸ்ட்ரெஸ் கிரானியூல்' என்று படித்தேன். அது என்ன?

வாசிப்பு நின்றதும், பாதியில் விடப்பட்ட எம்.ஆர்.என்.ஏ.க்களும் சில புரதங்களும் சேர்ந்து திட்டுத்திட்டாகத் திரளும். மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாக ஒளிர்வதைப் பார்த்தால் இரவில் மின்மினி பார்த்த மாதிரி இருக்கும். ஜி3பி.பி. என்ற புரதம் இதன் பசை. போலியோ வைரஸ் அந்தப் பசையை வெட்டும், சிக்குன்குனியா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கோவிட் வைரஸின் 'என்' (N) என்ற புரதமும் அதைப் பற்றிக்கொள்ளும். சம்பந்தமே இல்லாத மூன்று வைரஸ்கள் ஒரே புரதத்தைக் குறிவைப்பதால் அது முக்கியம் என்று நம்புகிறோம். ஆனால் இந்தத் திட்டுகள்தான் எதிர்ப்பைத் தருகின்றனவா, எதிர்ப்பு நடக்கும்போது கூடவே உருவாகின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

10. ஆன்டிபாடி, டி செல் இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நெருக்கமாகவே. ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடியை வெளியே தள்ளுகிறது. அவ்வளவும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில்தான் மடிக்கப்பட வேண்டும். அங்கே நெருக்கடியைக் கவனிக்கும் இன்னொருவர் ஐ.ஆர்.இ.1. அவர் எக்ஸ்.பி.பி.1 என்ற எம்.ஆர்.என்.ஏ.விலிருந்து சரியாக 26 எழுத்துகளை வெட்டி எறிவார், மிச்சத்தை வேறொரு நொதி ஒட்டும். அப்போதுதான் அதிலிருந்து முழு ஆற்றலுள்ள புரதம் வரும், தொழிற்சாலை விரியும். 2001-இல் லாரி கிளிம்ச்சர் குழு, எக்ஸ்.பி.பி.1 இல்லாத பி செல்கள் (பிளாஸ்மா செல்லாக மாறும் வெள்ளணுக்கள்) கொண்ட எலிகளை உருவாக்கியது. பி செல்கள் இருந்தன, ஆனால் பிளாஸ்மா செல்லாக மாறவில்லை. ஆன்டிபாடி மிகமிகக் குறைவு, பாலியோமா வைரஸைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இங்கே நெருக்கடி ஏற்பாடு அடைக்கும் வேலையைச் செய்யவில்லை, கொள்ளளவைக் கூட்டும் வேலையைச் செய்கிறது.

டி செல் கதை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வரிசையில் நின்று போட்டுக்கொள்வார்களே, அதே ஊசி. மேக்ஸ் தைலர் 1930-களில் உருவாக்கியது, அதற்காக அவருக்கு 1951-இல் நோபல். ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது பல காலம் யாருக்கும் தெரியாது. 2009-இல் பாலி புலேந்திரன் குழு, ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் முதல் சில நாட்களில் எந்த மரபணுக்கள் எழுகின்றன என்று பார்த்தது. பின்னால் நல்ல டி செல் பலம் பெற்றவர்களிடம் முன்கூட்டியே எழுந்தவற்றில் ஜி.சி.என்.2-உம் இருந்தது, ஆம், பட்டினியைக் கவனிக்கும் அதே ஜி.சி.என்.2. 2014-இல் எலிகளில் காரணத்தைக் காட்டினார்கள். எதிரியின் துண்டுகளை டி செல்லிடம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்லில் ஜி.சி.என்.2 எழுந்தால், செல் தன்னையே கொஞ்சம் செரித்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி கூடுகிறது, வைரஸ் துண்டுகள் டி செல்லிடம் நன்றாகக் காட்டப்படுகின்றன. டென்ட்ரிட்டிக் செல்லில் ஜி.சி.என்.2 இல்லாத எலிகளிடம் டி செல் பலம் குறைந்தது.

11. அப்படியானால் விரதம் இருந்தால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

இந்த ஆய்விலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. அது தடுப்பூசி வைரஸ் புகுந்த ஒரு வகை செல்லுக்குள் நடந்தது. ஏகாதசிக்கு இருங்கள், ஜி.சி.என்.2-க்காக வேண்டாம்.

12. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் ஆர்.என்.ஏ.தானே? அதை பி.கே.ஆர். பிடிக்காதா?

பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆய்வகத்தில் செய்த எம்.ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் விட்டால் அது எச்சரிக்கை மணி அடிக்கும், புரதமும் சொற்பமாகத்தான் வரும். கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல், ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில் அதன் திருத்திய வடிவங்களை வைத்தால் மணி அடங்குகிறது என்று காட்டினார்கள். 2010-இல் அவர்கள் குழுவின் இன்னொரு கட்டுரை, அவற்றில் ஒன்றான சூடோயூரிடின் வைத்த எம்.ஆர்.என்.ஏ. பி.கே.ஆரை அவ்வளவாக எழுப்புவதில்லை, அதனால்தான் புரதம் அதிகம் கிடைக்கிறது என்று விளக்கியது. ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருப்பது சூடோயூரிடினின் அடுத்த வடிவம். இருவருக்கும் 2023-இல் நோபல். இந்தியாவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டும் வேறு வகை, இந்தப் பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது.

13. காய்ச்சலும் செல்லுக்கு நெருக்கடிதானே? நல்லதா, கெட்டதா?

வெப்பநெருக்கடி தெரியவந்ததே ஒரு தற்செயல். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். குரோமோசோமில் புதுப் புடைப்புகள் தெரிந்தன. 1962-இல் எழுதினார். வெப்பத்தில் மடிப்புக் கெடும் புரதங்களைச் சீராக்கும் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுதான் வித்து. ஆனால் அந்தச் சீராக்கும் புரதங்களை, குறிப்பாக எச்.எஸ்.பி.90-ஐ, வைரஸ்களும் தங்கள் புரதத்தை மடிக்கப் பயன்படுத்திக்கொள்கின்றன. அதனால் நல்லது கெட்டது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

சூடு குறைந்தால் என்ன ஆகும் என்பது தெளிவாகத் தெரிகிறது. 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் மூச்சுக்குழாய்ச் செல்களை 33 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்துச் சளி வைரஸைக் கொடுத்தார்கள். 33 டிகிரியில் இன்டர்ஃபெரான் எதிர்ப்பு மந்தம், வைரஸுக்கு விளைச்சல். மூக்கு நுனி நெஞ்சைவிடக் குளிர்ச்சி என்பதை யோசித்தால் சளி ஏன் மூக்கிலேயே குடியிருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இதை வைத்துக்கொண்டு குழந்தையின் காய்ச்சலைக் கவனிக்காமல் விட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

14. வவ்வாலுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது எல்லோரும் பழந்தின்னி வவ்வாலைப் பார்த்தோம். ஆராய்ந்த வவ்வால் இனங்களில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. சில இனங்களின் செல்களில் வெப்பநெருக்கடிப் புரதங்கள் சாதாரண நாளிலேயே அதிகம். வீக்கத்தைத் தூண்டும் சில காவலர்கள் வவ்வாலிடம் மந்தமாக இருக்கிறார்கள், அதனால் எதிர்ப்பே உடம்பைக் கெடுப்பது குறைவு. மயோட்டிஸ் என்ற சிறு பூச்சியுண்ணி வவ்வால் இனத்தில் பி.கே.ஆர். மரபணுவே இரட்டித்திருக்கிறது. பறப்பதில் உடம்பு சூடேறுவதும் சக்தி எரிவதும் இந்த ஏற்பாட்டுக்கு வழிவகுத்திருக்கலாம் என்பது கருத்து, நிரூபணம் அல்ல.

15. இதை வைத்து வைரஸ் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறதா?

டெங்குவுக்கோ சிக்குன்குனியாவுக்கோ இந்தப் பாதையைக் குறிவைக்கும் மருந்து கடையில் கிடையாது. அடைப்பைத் தாண்டி இ.ஐ.எஃப்.2பி-யை ஓடவைக்கும் இஸ்ரிப் என்ற மூலக்கூறை பீட்டர் வால்ட்டர் குழு 2013-இல் கண்டுபிடித்தது. எலிகளின் ஞாபகசக்தியில் பலன் தெரிந்ததும் பெரிய பரபரப்பு. வைரஸ் நோய்க்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால், எந்த மணிநேரத்தில் கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். தொற்றின் தொடக்கத்தில் திறந்துவிட்டால் வைரஸுக்குக் கதவு. காட்34 வேலை செய்ய வேண்டிய நேரத்தில் திறந்தால் இன்டர்ஃபெரானுக்குக் கதவு. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவது மூன்றாம் நாள். அதற்குள் அவர் உடம்பில் சில செல்கள் முதல் கட்டத்திலும் சில செல்கள் இரண்டாம் கட்டத்திலும் இருக்கும், மாத்திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

'இ.ஐ.எஃப்.2-ஐச் சமன்செய்கிறது' என்று லேபிள் ஒட்டிய மூலிகைப் பொடியை ஒருவர் எனக்கு அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். எதற்காக, எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்களா என்றேன். 'காலை, மாலை, வெந்நீரில்' என்றார்.